ஒரே சீருடை, எல்லாம் பெண் பிள்ளைகள்: இந்த ஜப்பான் படத்தில் "எல்லோரும்" இருக்கிறார்களா?

கோபிக்காரி எழுதியது:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோபி பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஆண்டு விழா நாடகம் என்றால் பதினோரு வருடமாக அது என் தலையில்தான் விழுகிறது. போன மாதம் என் மகன் ஒரு பழைய ஜப்பான் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். "சகுரா நோ சோனோ", 1990-ல் வந்தது, ஷுன் நகஹாரா இயக்கியது. ஒரு தனியார் பெண்கள் பள்ளி. பள்ளியின் நிறுவன நாள் வந்தால் அங்கே நாடகக் குழு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் "செர்ரித் தோட்டம்" போடுவது வழக்கம். அன்று காலை பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்வதில் படம் தொடங்குகிறது, அவர்கள் மேடை ஏறும் இடத்தில் முடிந்துவிடுகிறது. நாடகத்தை நாம் பார்ப்பதே இல்லை. நடுவில் நடப்பதெல்லாம் தலை பின்னுவது, துணி மாற்றுவது, கிசுகிசு, நாடகம் நடக்குமா நடக்காதா என்ற பதற்றம், அவ்வளவுதான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது தெரியாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் எங்கள் ஆங்கில டீச்சரிடம் கதையைச் சொன்னேன். சின்னப் பொண்ணு, நிறையப் படிக்கிறவர். "எல்லாம் ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே சீருடை, காசு கட்டிப் படிக்கிற வீட்டுப் பிள்ளைகள். இதில் ரெப்ரசென்டேஷன் எங்கே இருக்குதுங்க? நம்ம பிள்ளைகள் இதில் யாரைப் பார்த்து இது நான்தான் என்று சொல்லும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து போன வருட நாடக நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் வேடம், வலது பக்கம் பிள்ளை பேர். தமிழன்னை, பாரத மாதா, ராணி மூன்றும் வெளுத்த பிள்ளைகள். கட்டபொம்மன், மூன்று வருடமாக அந்த ஒரே உயரமான பிள்ளை. அசுரனும் காவலாளியும் கறுத்த பிள்ளைகள். அதற்குக் கீழே "ஊர் மக்கள் 1, 2, 3, 4" என்று எழுதி அதில் யார் யாரைப் போட்டிருக்கிறேன் என்று பார்த்தால் எனக்கே சங்கடமாக இருந்தது. எல்லாம் என் கையெழுத்து. எழுதும்போது யோசித்ததாகக்கூட நினைவில்லை, மளிகைச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

இந்த வருடம் செகாவின் நாடகத்தையே தமிழில் போடலாம் என்று ஆசை. செர்ரித் தோட்டம் நமக்குத் தென்னந்தோப்பு. கடனில் மூழ்கிய பழைய பெரிய வீட்டுக்காரி ரானெவ்ஸ்கயா, அவர்களிடம் அடிமையாக இருந்த குடும்பத்தில் பிறந்து சம்பாதித்து மேலே வந்த லொபாகின். தோப்பை வெட்டி நிலத்தைத் துண்டு போட்டுக் கோடை வீடு கட்டுகிறவர்களுக்கு விடச் சொல்லி அவன் யோசனை சொல்கிறான், அவர்கள் காதில் ஏறவில்லை, கடைசியில் ஏலத்தில் அவனே எடுத்துவிடுகிறான். இதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்த ரோட்டில் போனாலும் வெட்டிய தோப்பில் கல் நட்டு, ஆர்ச் கட்டி, சைட் விற்கிறார்கள்.

சிக்கல் இதுதான். பிளஸ் ஒன்னில் நன்றாக நடிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் தாத்தா ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். அதே தோட்டத்துக்காரரின் பேத்தியும் அதே வகுப்பு. ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "லொபாகினை அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துடாதீங்க, பெத்தவங்க வந்து நிப்பாங்க" என்கிறார். இன்னொருவர், "அதுக்காகத்தான் அவளுக்கே கொடுக்கணும்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு உறுத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை. படம் பார்த்தவர்கள், நாடகம் போட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ரீல் (கோவை):

டீச்சர், உங்கள் தோழி சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அது வருகைப் பதிவேட்டுக் கணக்கு. படத்தில் எத்தனை விதமான முகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு வேலை. எந்த முகத்துக்கு எந்த வேடம் போகிறது என்று பார்ப்பது வேறு வேலை. இந்தப் படம் இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது, அதுவும் சத்தமே போடாமல்.

குராடாவை நினைவுபடுத்திப் பாருங்கள். உயரமான பிள்ளை, அதனால் எப்போதும் ஆண் வேடம்தான். இந்த வருடம் முதல் முறையாக ரானெவ்ஸ்கயா வேடம், அதாவது மேடையிலேயே அதிகமாகப் பெண்ணாக இருக்க வேண்டிய வேடம், அவளுக்கு வருகிறது. அவள் பயந்து சாகிறாள். மேடையைப் பார்த்து வந்த பயம் இல்லை அது, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம். ஒரு பிள்ளையை மூன்று வருடம் ராஜா வேடத்திலேயே நிறுத்திவிட்டு, நான்காவது வருடம் ராணி ஆகு என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. உங்கள் கட்டபொம்மன் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் ஷிமிசு, குழுவின் தலைவி. ஒழுங்கான பிள்ளை என்று எல்லோரும் நினைத்திருக்க, நாடகத்தன்று காலை விதியை மீறி முடியைச் சுருட்டி பெர்ம் செய்துகொண்டு வந்து நிற்கிறாள். சுகியாமா, புகைபிடித்த விவகாரத்தில் சிக்கியவள், அவளால் நாடகமே நிற்கப் பார்க்கிறது. ஷிமிசுவின் மனம் குராடாவிடம், சுகியாமாவின் மனம் ஷிமிசுவிடம். யாரும் யாரிடமும் பெரிய வசனம் பேசுவதில்லை. ஷிமிசுவும் குராடாவும் உடுப்போடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்களே, ஒன்று எடுத்து, இன்னொன்று என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி. அந்த நெருக்கத்தை அங்குலக் கணக்கில் காட்டிவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று சொல்லாமலே படம் நகர்ந்துவிடுகிறது. ஒரே சீருடைக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். சீருடையைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று சொல்வது, ஆட்டுப்பட்டியை ரோட்டில் நின்று பார்க்கிறவன் சொல்வது. மேய்க்கிறவனுக்கு ஒவ்வொன்றும் தெரியும்.

ஒரு தகவல்: இது அகிமி யோஷிதா என்ற பெண் வரைந்த மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையிலிருந்து எடுத்தது. அந்த வருடம் ஜப்பானின் "கினெமா ஜும்போ" பத்திரிகை ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக இதைத்தான் முதல் இடத்தில் வைத்தது. இதே இயக்குநர் 2008-ல் இதே பெயரில் இன்னொன்று எடுத்தார், அதைத் தேடிப் பார்த்து ஏமாறாதீர்கள்.

---

நொய்யல் (திருப்பூர்):

பழைய ரீல் அண்ணன் படத்தைக் காதலிக்கிறார், அது தெரிகிறது. நானும் பார்த்தேன், நல்ல படம்தான். ஆனால் அந்த ஆங்கில டீச்சரை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம்.

ஜப்பானில் எல்லோரும் ஒன்று என்பதே ஒரு கட்டுக்கதை. 1910 முதல் 1945 வரை கொரியா அவர்கள் கையில் இருந்தது, அப்போது வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்து, பலர் ஜப்பானியப் பெயரை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். வடக்கே ஐனு மக்கள், அவர்களைப் பழங்குடிகள் என்று சொல்லி நாடாளுமன்றம் தீர்மானம் போட்டதே 2008-ல்தான். அப்புறம் புராக்குமின். தோல் வேலை, இறைச்சி வெட்டுவது, பிணம் சார்ந்த வேலை என்று பிறப்பை வைத்து ஒதுக்கப்பட்டவர்கள். 1871-ல் அந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது, கல்யாணம் பேசும்போதும் வேலைக்கு எடுக்கும்போதும் ஊர் பெயரை வைத்து விசாரிப்பது அதற்குப் பிறகு நூறு வருடம் ஆகியும் நிற்கவில்லை. "எந்த ஊருங்க, ஊருக்குள்ளே எந்தப் பக்கமுங்க" என்று நம் ஆட்கள் கேட்கிற அதே கேள்விதான்.

இப்போது பாருங்கள். அந்தப் பிள்ளைகள் வருடா வருடம் போடுகிற நாடகம் எது? ரஷ்யாவில் 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு, அடிமையின் மகன் எசமானின் தோட்டத்தை வாங்குகிற கதை. என் அப்பனையும் தாத்தனையும் சமையலறைக்குள்கூட விடாத வீட்டை நான் வாங்கிவிட்டேன் என்று லொபாகின் குதிக்கிற கதை. அதை அத்தனை வருடம் போட்டும் அந்தப் பள்ளியில் ஒருத்திக்குக்கூட இது நம் ஊர்க் கதையும்தான் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் படம் அதைக் காட்டவில்லை. ரானெவ்ஸ்கயாவின் சோகம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, பூ உதிர்கிறது, அழகாக இருக்கிறது. லொபாகினைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேறு மாதிரி ஒரு படம் வேண்டுமென்றால் 2005-ல் வந்த "லிண்டா லிண்டா லிண்டா" பாருங்கள். அதில் பள்ளி விழாவுக்குப் பாட்டுக் குழு. பாடுவதற்கு ஆள் இல்லாமல், கொரியாவிலிருந்து வந்து படிக்கிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவளுக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. அந்தப் பிள்ளை மைக் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பள்ளிக்கு வாருங்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் வகுப்புக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. ஆண்டு விழாவில் அவர்களுக்கு என்ன வேடம் தெரியுமா? "இந்தியாவின் பல மாநிலங்கள்" என்ற அணிவகுப்பில் ஒடிசா சேலை கட்டிக்கொண்டு நடந்து போவது. பல வருடமாக அதே நடை. ஒரு வசனம் கிடையாது. அதற்குப் பெயர் டைவர்சிட்டி.

---

பழைய ரீல் (கோவை):

லொபாகின் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் ரானெவ்ஸ்கயா உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காட்டாததை வைத்து மட்டும் ஒரு படத்தை எடை போட முடியாது என்பதில் மாற்றமில்லை.

---

பொழப்பு (ஈரோடு):

டீச்சர், பிளஸ் ஒன் பிள்ளைகளை இப்படி ரஷ்யா ஜப்பான் என்று அலைக்கழிக்காமல் பாடத்தை நடத்துங்கள். ஆண்டு விழாவுக்கு ரெண்டு டான்ஸ், ஒரு திருக்குறள் நாடகம், கலெக்டர் வந்தால் ஒரு வரவேற்பு. சாதி இல்லாத இடத்தில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?

---

நொய்யல் (திருப்பூர்):

சாதி இல்லாத இடம் எதுவென்று லொக்கேஷன் அனுப்புங்கள், குடி வந்துவிடுகிறேன்.

---

அந்தியூரான்:

ஏனுங்க, சண்டை வேண்டாம். நான் சினிமா ஆள் இல்லை. எங்கள் பெரியப்பா கூத்தாடி, பவானி, அந்தியூர், மேட்டூர்ப் பக்கமெல்லாம் ஆடியிருக்கிறார். திரௌபதி வேடம் அவருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மீசையைச் சிரைத்துவிட்டு உட்கார்ந்தால் அரிதாரம் பூசி எழுந்திருக்க ஏழு ஆகிவிடும். நோம்பி முடிந்து மறுநாள் டீக்கடையில் அவரைப் பார்த்து யாராவது சிரித்தால் கண்டுகொள்ள மாட்டார். "ராத்திரி துகிலுரியும்போது உன் பொண்டாட்டி என் காலில் விழுந்தாளே, அவளைக் கேளு" என்பார். ஆண் பெண்ணாகிறது, பெண் ஆணாகிறது, இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை. பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், பையன்கள்தான். சிவாஜி கணேசனே பெண் வேடம் கட்டி வந்தவர்தானே. ஜப்பானில் தக்கராசுக்கா என்று ஒரு குழு, 1914-லிருந்து முழுக்கப் பெண்களை வைத்தே நாடகம் போடுகிறார்கள், ஆண் வேடம் கட்டுகிறவர்களுக்குத்தான் அங்கே பெரிய ரசிகர் கூட்டம். அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் உயரமான பிள்ளைக்கு ஆண் வேடம் என்பதும், அவள் பின்னால் தங்கச்சிமார் சுற்றுவதும் வேறு எங்கிருந்து வருகிறது?

நான் சொல்ல வந்தது வேறுங்க. நம் கொடுமுடி சுந்தராம்பாள். 1935-ல் "பக்த நந்தனார்" படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடம். அதுவும் எந்த ஆண்? சிதம்பரம் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்ற ஆண். அதற்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். ஒரு பெண் நந்தனாராக நின்று பாடுவதை 1935-ல் சனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நந்தனார் பிறந்த குலத்தில் பிறந்த ஒருவர் அதே படத்தில் அந்தணராக நடித்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்களா? இதைத்தான் யோசிக்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் கீழே இறங்கி வேடம் கட்டலாம், கை தட்டுவார்கள். கீழே இருக்கிறவர்கள் மேலே ஏறி வேடம் கட்டினால்தான் மேடைக்குக் கீழே சலசலப்பு வரும்.

அதனால் டீச்சர், உங்கள் ஸ்டாஃப் ரூமில் ரெண்டு பேரும் தப்பு. அந்தப் பிள்ளைக்கு லொபாகினைக் கொடுக்காதே என்பவருக்கு அந்தப் பிள்ளையின் தாத்தா தெரிகிறார். அவளுக்கே கொடு என்பவருக்கும் தாத்தாதான் தெரிகிறார். பிள்ளை ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை. கறுத்த பிள்ளைக்கு அசுரன், உயரமான பிள்ளைக்குக் கட்டபொம்மன் என்று நோட்டில் எழுதினீர்களே, அதே எழுத்துத்தான் இது, கொஞ்சம் நல்ல மனசோடு எழுதியது. அவளுக்கு ரானெவ்ஸ்கயாவைக் கொடுத்துப் பாருங்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, காசின் அருமை தெரியாமல், தோப்பைப் பார்த்து அழட்டும். தோட்டத்துக்காரர் பேத்தி லொபாகினாக வந்து ஏலத்தில் எடுக்கட்டும்.

---

மூன்றாம் பெஞ்சு (பொள்ளாச்சி, இப்போது பெங்களூர்):

இந்தக் குழுவில் நான் எழுதியதே இல்லை, படிப்பேன் அவ்வளவுதான். கட்டபொம்மன் பிள்ளை என்று படித்ததும் எழுத வேண்டும் போல் ஆகிவிட்டது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நான்தான் ஆண். பாரதியார், வீரபாண்டியன், கோவலன், யேசுநாதர், ஒரு தடவை போஸ்ட்மேன். கண்மையைத் தீக்குச்சியில் தொட்டு மீசை வரைவார்கள். வேர்த்தால் மேலுதட்டில் வழிந்து வாய்க்குள் கசக்கும். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒன்பதாவதில் கோவலன். கண்ணகியாக நடித்த பிள்ளை என் பெஞ்சில்தான் உட்காருவாள். நாடகம் முடிந்து, மேக்கப் கலைப்பதற்கு முன்னால், ஸ்டுடியோக்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் தனியாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். "கணவன் மனைவி கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அவள் கை என் முழங்கைக்கு மேலே இருந்தது. வேடம் போட்டிருந்ததால் அப்படி நிற்க முடிந்தது. மறுநாள் சீருடையில் அப்படி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

அந்தப் படத்தில் இரண்டு பேரும் போட்டோவுக்கு நிற்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். ஆங்கில டீச்சர் கேட்டாரே, நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து இது நான் என்று சொல்லும் என்று. நான் சொன்னேன். ஜப்பான் முகம்தான், ஜப்பான் மொழிதான், தமிழ்ப் படம் எதிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் விட்டதைப் பழைய ரீல் பாராட்டுகிறார். ஜப்பானில் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிப் பெண்களுக்குள் இப்படி வருகிற நேசத்துக்கு "எஸ்" என்று ஓர் எழுத்தில் பெயர் இருந்ததாம். பெயர் இருந்ததே, அதைச் சும்மா பள்ளிக்கூடப் பருவத்துச் சமாச்சாரம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒதுக்கி வைக்கத்தான். படமும் பள்ளியோடு முடிகிறது. நாடகம் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டால் அந்தப் பிள்ளைகள் எப்போதும் பதினெட்டு வயதிலேயே இருப்பார்கள், பூவும் உதிர்ந்துகொண்டே இருக்கும், யாருக்கும் வம்பில்லை. எனக்கு இப்போது முப்பத்தெட்டு. போட்டோ என்னிடம் இல்லை, அவளிடம் இருக்கிறதா என்று தெரியாது.

டீச்சர், கட்டபொம்மன் பிள்ளைக்கு இந்த வருடம் சேலை கட்டுகிற வேடம் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு மீசை பிடித்திருந்தாலும் பிடித்திருக்கும். எனக்குப் பாதி நாள் பிடித்திருந்தது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என்னை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

---

நொய்யல் (திருப்பூர்):

அக்கா, இதற்கு மேல் நான் என்ன எழுதுவது. படத்தைத் திரும்பப் பார்க்கிறேன்.

கோபி டீச்சருக்கு ஒன்று மட்டும். அந்தியூரான் சொன்ன மாதிரி ரானெவ்ஸ்கயாவைத் தூக்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதும் கடைசியில் நீங்கள் நோட்டில் எழுதுவதுதான். கொஞ்ச நாள் யாருக்கும் வேடம் கொடுக்காமல் எல்லோரையும் எல்லா வேடத்தையும் வாசிக்க விடுங்கள். இன்றைக்கு லொபாகின், நாளைக்கு வேலைக்காரி துன்யாஷா. வாசிக்கும்போது யார் குரல் எங்கே மாறுகிறது என்று அவர்களுக்கே தெரியும். பேனாவை அப்புறம் எடுங்கள்.

---

கோபிக்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்றாம் பெஞ்சு, உங்கள் பதிலை நான்கு முறை படித்தேன். பதில் எழுத எனக்குத் தெரியவில்லை, படித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். பொழப்பு சார், நீங்கள் கேட்ட திருக்குறள் நாடகம் எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தாயிற்று.

இரண்டு வாரம் நொய்யல் சொன்னபடி செய்தேன். மதியம் சாப்பிட்டு முடித்ததும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பு. முதல் மூன்று நாள் சிரிப்பு அடங்கவில்லை, ரஷ்யப் பெயரைச் சொல்லவே பாதி நேரம் போனது. பிறகு பெயரையெல்லாம் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். ரானெவ்ஸ்கயா இப்போது "பண்ணாடிச்சி". நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தோட்டத்துக்காரர் பேத்தியே வைத்த பெயர் அது. அவள் வீட்டில் அவள் ஆத்தாவை வேலையாட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் அதைச் சொன்னபோது வட்டத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு யாரோ வாசிக்க ஆரம்பித்தார்கள்.

கட்டபொம்மன் பிள்ளையிடம் கேட்டேன். லொபாகின் வேண்டுமாம். "இத்தனை நாள் தூக்கில் தொங்கிட்டேன் டீச்சர், ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பார்க்கறேன்" என்கிறாள்.

இன்னொரு பிள்ளை, நாம் இத்தனை பேர் உட்கார்ந்து யாருக்காக மல்லுக்கட்டினோமோ அவள், இரண்டு வாரமும் எல்லா வேடத்தையும் நன்றாக வாசித்தாள். ரானெவ்ஸ்கயாவை அவ்வளவு அழகாக வாசித்தாள், சரி அந்தியூரார் ஜெயித்தார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாள் என்ன வேண்டும் என்று கேட்டால், "ஃபிர்ஸ்" என்றாள். எண்பத்தேழு வயது வேலைக்காரக் கிழவன். அடிமை முறை ஒழிந்தபோதும் விடுதலை வேண்டாம் என்று எசமானோடு இருந்துவிட்டவன், விடுதலை வந்ததையே கேடு என்று சொல்கிறவன். கடைசியில் எல்லோரும் வண்டி ஏறிப் போய்விட, இவன் உள்ளே இருப்பதை மறந்து வீட்டைப் பூட்டிவிடுவார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையா கேட்கிறாள், இதைக் கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், மறுபடியும் பழைய நோட்டேதானே என்று என்னென்னவோ ஓடியது. ஏன் கண்ணு என்று கேட்டேன். தாத்தாவைத்தான் அவள் அப்பாரு என்கிறாள். "எங்க அப்பாரு இப்படித்தான் டீச்சர், பண்ணாடி காலம் மாதிரி வராதுன்னு இன்னமும் சொல்லும். எனக்குக் கோபம் கோபமா வரும். ஏன் அப்படிச் சொல்லுதுன்னு நடிச்சுப் பார்த்தாத் தெரியுமான்னு பார்க்கறேன்" என்றாள். கொஞ்சம் நின்று, "அப்புறம் கடைசியில மேடையில தனியா நிக்கறது ஃபிர்ஸ் மட்டும்தானே, எல்லாரும் என்னைத்தானே பார்க்கோணும்" என்றாள்.

கொடுத்துவிட்டேன். அவள் அப்பாரையும் ஆண்டு விழாவுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன், வருவாரா என்று தெரியாது. ஆங்கில டீச்சர் ஒத்திகையில் வந்து உட்கார்ந்தார், சிரித்துவிட்டுப் போனார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஒரு தொழில் சந்தேகம். நாடகத்தில் இரண்டு இடத்தில் தூரத்தில் ஏதோ கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம் வர வேண்டும், செகாவ் அப்படி எழுதியிருக்கிறார். முதல் தடவை அது கேட்கும்போது, எங்கேயோ சுரங்கத்தில் வாளி அறுந்து விழுந்திருக்கும் என்று லொபாகின் சொல்கிறான். போனில் இருக்கிற சத்தத்தை மைக்கில் வைத்துப் பார்த்தோம், கரண்டு கம்பி உரசுகிற மாதிரி இருக்கிறது. அந்தியூரார், கூத்தில் இதற்கு ஏதாவது வழி உண்டா?

---

அந்தியூரான்:

சுரங்கம் எதற்குங்க, நம் ஊரில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு இல்லையா? வடக்கயிறு அறுந்து, தண்ணீர் மொள்ளுகிற சால் கிணற்றுக்குள் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளையின் அப்பாரைக் கேளுங்கள், அவர் காதில் இருக்கும். முதலில் வடம் தெறிக்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை, மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் வரும். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய அண்டாவில் அரைவாசி தண்ணீர் வையுங்கள். தெறிப்புக்கு எங்கள் பெரியப்பாவின் பழைய மத்தளம் இருக்கிறது, தோல் கிழிந்துவிட்டது, வார் மட்டும் கெட்டியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், வாரை இழுத்துக் கட்டிச் சுண்டிப் பார்க்கலாம்.